குட்டைக்கு ராக்கெட் விட்ட பெனில்தே

'சார்கோ' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

போன ஜூன் மாதம் பள்ளி இறுதி வாய்மொழித் தேர்வில் மொழி ஆசிரியை என்னிடம் கேட்ட கேள்வி இது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கு இரண்டு பதில்கள் தெரியும். எதைச் சொன்னாலும் ஊரில் பாதிப் பேர் என்னோடு பேச மாட்டார்கள். அதனால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து மதிப்பெண் போயிற்று.

மழை பெய்தால் தெருவில் தேங்கும் தண்ணீர்தான் சார்கோ. வெறும் குட்டை. எங்கள் ஊரான லாஹியாவில், பாறைகளுக்கு நடுவே கடல் விட்டுவிட்டுப் போகும் குளத்துக்கும் அதே பெயர்தான். இது போதாதென்று, ஸ்பெயினைச் சேர்ந்த எங்கள் தீவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே கிடக்கும் அத்தனை பெரிய கடலையும் ஸ்பானிய மொழிக்காரர்கள் சார்கோ என்கிறார்கள். கியூபாவுக்குப் போய் வந்தவரை 'குட்டையைத் தாண்டினவர்' என்போம். ஆறாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள குட்டை. இவ்வளவு பெரிய கடலுக்கு இவ்வளவு சின்னப் பெயரை முதலில் வைத்தவர் யார் என்பதுதான் எங்கள் ஊர்ச் சண்டை. அந்தச் சண்டையில் ஒரு பக்கம் முழுவதும் பெனில்தே ஆர்த்திலேஸ் என்ற ஒரே பெண்மணி.

பெனில்தே எங்கள் ஊர் பஸ் ஓட்டுநர். வயது ஐம்பத்தொன்று. லாஹியாவிலிருந்து மலை ஏறி அந்தப் பக்கம் டவுனுக்குப் போகும் ஒரே பஸ்ஸை இருபத்திரண்டு வருடமாக அவர்தான் ஓட்டுகிறார். வழியில் இருநூற்றுப் பன்னிரண்டு வளைவுகள் என்று அவர் சொல்வார். சாலைத் துறை இருநூற்றெட்டு என்கிறது. அவருடைய மாமியார் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள நான்கை அவர்கள் எண்ண விரும்பவில்லை, அதில் அவர்கள்மேல் தப்பில்லை என்பார். பஸ்ஸில் ஒவ்வொரு இருக்கைக்குப் பின்னாலும் துணி மாட்டும் கிளிப்பில் ஒரு ரொட்டிப் பை தொங்கும். அது எதற்கென்று முதல் முறை வருகிறவர்கள் கேட்பார்கள். முப்பதாவது வளைவுக்குப் பிறகு கேட்க மாட்டார்கள்.

நிறுத்தங்களை அறிவிக்க வேண்டும் என்று சொல்லி அவர் கம்பெனியிடம் ஒரு மைக் வாங்கினார். ஆனால் வழியில் நிறுத்தமே கிடையாது. கிளம்பினால் டவுன்தான். அந்த மைக்கில் அவர் செய்தது சொல்லாராய்ச்சி. ஆட்டுக்கு ஏன் ஆடு என்று பெயர், உருளைக்கிழங்குக்கு அந்தப் பெயரை வைத்தது யார், பாதிரியார் ஏன் பாதிரியார் என்று ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றிக்கொண்டே சொல்லுவார். அவர் சொல்லும் சொல்பிறப்புகளில் பாதி தப்பு. மீதிப் பாதியை யாரும் சரிபார்க்கவில்லை.

"அக்கா, மெதுவா போங்கக்கா, வயித்தப் பொரட்டுது" என்று யாராவது கத்தினால், "கண்ணு, வயிறுங்கற சொல்லு எங்கருந்து வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அதற்குப் பிறகு யாரும் வயிற்றைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள்.

இப்படிப்பட்ட பெனில்தேவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை இருந்தது. குட்டைத் திருவிழா ராக்கெட்டைத் தன் கையால் விட வேண்டும்.

செப்டம்பரில் கடல் நன்றாக வற்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் திருவிழா. காலையிலேயே குட்டையின் வாயைக் கல் அடுக்கி அடைத்துவிடுவோம். உள்ளே மடவை மீன்கள் மாட்டிக்கொள்ளும். குட்டையைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கோடு போடுவோம். ஊரே கோட்டுக்கு வெளியே உடுத்திய உடையோடு நிற்கும். ஐந்து மணிக்கு ராக்கெட் வெடித்ததும் எல்லாரும் குதித்து வெறுங்கையால் மீன் பிடிக்க வேண்டும். ராக்கெட் வெடிப்பதற்கு முன் யாருடைய விரல் நுனி தண்ணீரில் பட்டாலும் அந்த வருடம் அவர் வெளியே. மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கலாம். ஒரு வருடம் புனித நீர் தெளிக்க வந்த பாதிரியார் குனிந்து குட்டையில் கை நனைத்துவிட்டார். அவரையும் மதில்மேல்தான் ஏற்றினார்கள்.

ராக்கெட்டை நாங்கள் பாட்டிலில் வைத்து விடுவதில்லை. குச்சியை விரல்களுக்கு நடுவே தளரப் பிடித்து, சுருட்டால் திரியைப் பற்றவைத்து, அது கையை இழுக்கும் நேரம் பார்த்து விட்டுவிட வேண்டும். முந்தி விட்டால் காலடியில் வெடிக்கும். பிந்தி விட்டால், விட விரல் இருக்காது. நான்கு தலைமுறையாக இதைச் செய்வது பார் நடத்தும் செஞ்சோவின் குடும்பம். எட்டு வயதில் பெனில்தே போய், "எனக்கும் ஒரு தடவ குடுங்க" என்று கேட்டாராம். செஞ்சோவின் அப்பா சிரித்த சிரிப்பில் சுருட்டு கீழே விழுந்துவிட்டதாம். எழுதத் தெரிந்த நாளிலிருந்து வருடம் தவறாமல் ஊராட்சிக்கு ஒரு விண்ணப்பம் போடுவார். வருடம் தவறாமல் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வரும். முதல் விண்ணப்பம் சிவப்புக் கலர் பென்சிலில் எழுதியது. அதுவும் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

இனி அந்த இரண்டு பதில்கள். பெனில்தேயின் கொள்ளுத்தாத்தா கசியானோ, செஞ்சோவின் கொள்ளுத்தாத்தா பால்தோமேரோ, இருவரும் ஒன்றாகக் கியூபாவுக்குக் கரும்பு வெட்டப் போய், பதினோரு வருடம் கழித்து ஒரே கப்பலில் திரும்பியவர்கள். கரையில் இறங்கியதும் ஊரார் சூழ்ந்துகொண்டு, "கடல் எம்மாம் பெருசு?" என்று கேட்டார்கள். "இந்தா நம்ம குட்டைதான். கொஞ்சம் இழுத்து விட்ட மாதிரி இருக்கும்" என்று பதில் வந்தது. அன்றைக்குக் கிளம்பிய அந்தச் சொல்தான் உலகம் முழுக்கப் போனது. இதுவரை இரண்டு வீட்டுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சொன்னது கசியானோ, குட்டையைத் தாடையால் காட்டினார் என்பது பெனில்தே வீட்டுக் கட்சி. சொன்னது பால்தோமேரோ, காலால் காட்டினார் என்பது செஞ்சோ வீட்டுக் கட்சி. இதற்காக இரண்டு கல்யாணங்கள் நின்றிருக்கின்றன.

இந்த மே மாதம் நாய்ரா ஊராட்சித் தலைவி ஆனாள். இருபத்தொன்பது வயது. செஞ்சோ அவளுக்கு மாமா முறை, பெனில்தே அத்தை முறை. பதவி ஏற்ற முதல் வாரமே இருவரையும் பாரில் உட்கார வைத்தாள்.

"மாமா, அத்தே, ரெண்டு பேரும் நல்லாக் கேளுங்க. லாஸ் பால்மாஸ் பல்கலைக்கழகத்துக்கு எழுதிட்டேன். அகராதி போடுற ஒரு அம்மா திருவிழாவுக்கு வர்றாங்க. அந்தச் சொல்லு யாரு வீட்டுல இருந்து கெளம்புச்சுன்னு அவங்க சொல்லட்டும். அந்த வீட்டுக்காரங்க கையிலதான் இந்த வருஷம் ராக்கெட்டு."

"என் குடும்பத்து ராக்கெட்ட நீ யாருடி பந்தயத்துல வெக்க?" என்றார் செஞ்சோ.

"பயமா இருந்தா சொல்லிரு செஞ்சோ" என்றார் பெனில்தே. "காலால கடலக் காட்டுனாராம். மரியாத தெரிஞ்ச மனுசன் கடலக் காலாலயா காட்டுவான்?"

"தாடையால காட்டுறதுக்கு அவரு என்ன ஆடா?"

"ஆட்டுக்கு ஏன் ஆடுன்னு பேரு வந்துச்சு தெரியுமா?"

"ஒத்துக்கிறேன்!" என்று செஞ்சோ அலறினார். "அத மட்டும் ஆரம்பிக்காத, நான் ஒத்துக்கிறேன்." இருவரும் ஒரு பேப்பர் நாப்கினில் கையெழுத்துப் போட்டார்கள்.

திருவிழா நாள் வந்தது. அகராதி அம்மா டவுன் வரை வேறு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து பெனில்தேயின் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். வேறு வழியில்லை. நீதிபதி போட்டியாளரின் பஸ்ஸில் வருவதா என்று செஞ்சோ குதித்தார். கடைசியில் பாரைப் பூட்டிவிட்டுக் காலையிலேயே டவுனுக்கு வந்து, ஓட்டுநருக்கு நேர் பின்னால் காவல் உட்கார்ந்தார். நானும் அந்த பஸ்ஸில்தான் இருந்தேன்.

அகராதி அம்மாவின் பெயர் லெயோகாதியா. அறுபதைத் தாண்டியவர், ஒல்லி. தன்னைவிடப் பெரிய தோல் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

"மைக்கக் கழட்டு" என்றார் செஞ்சோ.

"மைக் எதுக்கு? எனக்கு வாயிருக்கு."

"அதத்தான் சொல்றேன். வாயையும் கழட்டு. ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் ஒரு சொல்லு பேசக் கூடாது. பேசுனா ராக்கெட் என்னது."

பெனில்தே உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக பஸ் அமைதியாகப் போனது.

பத்து வளைவு வரை எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. பதினோராவதில், முட்டைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் தற்செயலாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஆத்தாடி! இங்க இம்புட்டுப் பள்ளமா இருக்கு! இருவது வருஷமா வர்றேன், இது எப்ப வந்துச்சு?"

எல்லாரும் பார்த்தோம். சாலையின் ஓரத்தில் ஒன்றுமே இல்லை. கீழே, ரொம்பக் கீழே, கடல். பஸ்ஸின் பின் சக்கரம் பாதி காற்றில் திரும்புவது போல இருந்தது. இத்தனை வருடம் பெனில்தேயின் பேச்சுக்கு எரிச்சல்பட்டுக்கொண்டே வந்ததால் நாங்கள் யாரும் மலையைப் பார்த்ததே இல்லை. ஒரு தாத்தா ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். அகராதி அம்மா ரொட்டிப் பையைக் கிளிப்பிலிருந்து உருவினார். செஞ்சோவின் முகம் மாவு மாதிரி ஆகிவிட்டது. முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார்.

"பெனில்தே" என்றார் மெதுவாக. "ஏதாவது பேசு."

பெனில்தே உதட்டைக் காட்டினார். மடித்தது மடித்தபடி இருந்தது.

"ஏய், பேசுடி! அனுமதி குடுத்துட்டேன். சார்கோவத் தவிர எதுனாலும் பேசு!"

"பேசும்மா தாயே!" என்று பஸ்ஸே கெஞ்சியது.

பெனில்தே ஒரு நீண்ட மூச்சு விட்டார். "பாலாடைக் கட்டிங்கற சொல்லு எங்கருந்து வந்துச்சுன்னா..." என்று ஆரம்பித்து நூற்றுத் தொண்ணூறு வளைவுகளுக்கு நிறுத்தவே இல்லை. எல்லாரும் எரிச்சலோடு, பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தோம். இறங்கும்போது அகராதி அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"நீங்க சொன்னதுல ஒண்ணுகூட சரியில்ல. ஆனா நான் வாந்தி எடுக்கல. ரொம்ப நன்றி."

அகராதி அம்மா டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று நாய்ரா ஒலிபெருக்கியில் சொல்லித் தொலைத்திருந்தாள். அதனால் பஸ் நின்ற இடத்தில் ஏழு பேர் முழங்காலைத் திறந்து காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். "டாக்டரம்மா, இங்கதான் குத்துது" என்று முதல் கிழவர் ஆரம்பித்தார். தான் சொற்களுக்கு மட்டும்தான் டாக்டர் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "அப்ப இந்த வலிக்குப் பேரு என்னன்னாவது சொல்லுங்க" என்றார் இரண்டாவது கிழவர். குட்டைக்கு வந்து சேர நாலரை ஆகிவிட்டது.

சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நானூறு பேர். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. அங்கே அகராதி அம்மாவுக்கு ஒரு நாற்காலி. இரண்டு கட்சியும் திருடிவிடக் கூடாது என்று நாய்ரா ராக்கெட்டை அவர் கையில் கொடுத்து வைத்தாள். அவர் அதைக் குழந்தையை முதல்முறை தூக்குகிறவர் போல உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட எழுத்துல ஏதாவது இருக்கா? கடிதம், டைரி?" என்று கேட்டார்.

இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. இரண்டு கொள்ளுத்தாத்தாக்களுக்கும் எழுதத் தெரியாது.

"அப்ப எப்படிச் சொன்னாங்கன்னு நடிச்சாவது காட்டுங்க. நான் குறிச்சுக்கறேன்."

முதலில் பெனில்தே. ஓட்டுநர் சீருடையோடு பாறைமேல் போய் நின்றார். எதிரே உள்ள கடலைப் பார்த்தார். பிறகு குட்டையைப் பார்த்தார். ஒரு விரல் அகலத் தூரம் தாடையை மெல்ல நகர்த்தி, "இந்தா நம்ம குட்டைதான். கொஞ்சம் இழுத்து விட்ட மாதிரி இருக்கும்" என்றார். அவ்வளவுதான். பதினோரு வருடம் கரும்பு வெட்டிவிட்டு வந்த ஒருவரின் சலிப்பு அந்தத் தாடையில் இருந்தது. செஞ்சோ கட்சிக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். அதுதான் செஞ்சோவுக்குப் பொறுக்கவில்லை.

அவர் ஓட்டமாகப் பாருக்குப் போனார். திரும்பி வந்தபோது பால்தோமேரோ கியூபாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கோட்டும் கால்சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார். பால்தோமேரோ மெலிந்த மனிதராக இருந்திருக்க வேண்டும். செஞ்சோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் நடந்தார்.

"கப்பல்ல இருந்து எறங்குறாரு!" என்று தானே அறிவித்தார். "ஊரு கேக்குது. அவரு சிரிக்கிறாரு. ஹா! இந்தக் கால, இந்த வலது கால, இப்பிடித் தூக்கி..."

"மாமா, போதும், ஓரத்துக்கு வந்துட்டீங்க" என்றாள் நாய்ரா.

"...'இந்தா நம்ம குட்டைதான்!'"

கால் இடுப்பு உயரம் போனது. அங்கே கால்சட்டையின் தையல் 'டர்ர்' என்று விட்டது. செஞ்சோ கையால் பின்பக்கத்தை மூடினார். ஒற்றைக் காலில் நிற்கும் ஒருவர் அப்போது செய்யக் கூடாத காரியம் அது. தூக்கிய கால் நேராகக் குட்டைக்குள், முழங்கால் வரை இறங்கியது.

நானூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். ஒருவர் மட்டும் இழுக்கவில்லை. அவர் சிக்ஸ்தோ, ஊரிலேயே நன்றாக மீன் பிடிப்பவர், காது சுத்தமாகக் கேட்காது. காதுக் கருவி நனைந்துவிடும் என்று திருவிழா அன்று கழற்றி வைத்துவிடுவார். ராக்கெட் சத்தம் அவருக்குத் தெரியாது. மற்றவர்களின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டே நிற்பார். தண்ணீரில் ஒரு காலைப் பார்த்தார். குதித்துவிட்டார்.

சிக்ஸ்தோ குதித்தால் நல்ல மீன் எல்லாம் போய்விடும் என்பது ஊருக்கே தெரியும். அவர் மனைவி குதித்தார். அவர் மச்சான் குதித்தார். பிறகு யார் யார் குதித்தார்கள் என்று எழுத முடியாது. நானும் குதித்தேன். முட்டைக்கார அம்மாள் குதித்தார். "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே நாய்ராவும் குதித்தாள். அரை நிமிடத்தில் கரை காலி.

இல்லை, இரண்டு பேர் நின்றார்கள். கையில் ராக்கெட் இருந்ததால் அகராதி அம்மா குதிக்கவில்லை. ராக்கெட் வெடிக்காததால் பெனில்தே குதிக்கவில்லை. நான் தண்ணீருக்குள்ளிருந்து அவர் முகத்தைப் பார்த்தேன். எட்டு வயதிலிருந்து காத்திருந்த திருவிழா அவர் கண்முன்னால் அவர் இல்லாமல் முடிந்துகொண்டிருந்தது. அழுதுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் அகராதி அம்மாவின் பக்கம் திரும்பினார். "டாக்டரம்மா, நீங்க சொல்லுங்க. சொல்லு யாரு வீட்டுது?"

அகராதி அம்மா ராக்கெட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "உண்மையச் சொல்லணுமா?"

"சொல்லுங்க."

"ரெண்டு பேர் வீட்டுதும் இல்ல. கடலக் குட்டைன்னு கிண்டல் பண்றது ரொம்பப் பழசு. உங்க கொள்ளுத்தாத்தாவோட தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே அப்படிச் சொல்லியிருக்காங்க. சார்கோங்கற சொல்லே எங்கருந்து வந்துச்சுன்னு எங்க யாருக்கும் தெரியாது. அகராதியிலயும் தெரியலன்னுதான் போட்டிருக்கோம்."

"தெரியாதா? இவ்ளோ படிச்சும்?"

"இவ்ளோ படிச்சதாலதான் தெரியாதுன்னு சொல்ல முடியுது."

தனக்குத் தெரியாது என்று பெனில்தே எந்தச் சொல்லைப் பற்றியும் சொன்னதே இல்லை.

"அப்ப ராக்கெட்டு யாரோடது?"

இதற்கும் அகராதியில் பதில் இல்லை. குட்டைக்குள்ளிருந்து, இரண்டு கையிலும் ஒரு மீனை அமுக்கிக்கொண்டு நாய்ரா கத்தினாள். "அத்தே! செஞ்சோ மாமா விதிப்படி அவுட்டு! நம்ம ஊர்ல காஞ்ச துணியோட நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்! நீங்களே விடுங்க!"

"யாருக்கு விட?" என்றார் பெனில்தே. "எல்லாரும் உள்ள இருக்கீங்க. இப்ப விட்டா அது ராக்கெட்டா? வெறும் சத்தம்." பிறகு மைக் இல்லாமலேயே மலை வரை கேட்கும் குரலில் சொன்னார். "எல்லாரும் வெளிய வாங்க!"

குட்டை முழுவதும் சிரித்தது.

"மீன உள்ள விட்டுட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. மொதல்ல கால வெச்ச செஞ்சோ மட்டும் அவுட்டு. மத்த எல்லாருக்கும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறோம்."

"போடி பைத்தியக்காரி!" என்றார் யாரோ.

"சரி. நாளைக்குக் காலைல ஆறரை வண்டி கெடையாது. எனக்கு முழங்கால் வலி. டாக்டரம்மாவே பார்த்துட்டாங்க. செவ்வாக்கிழமையும் வலிக்கும்."

சிரிப்பு நின்றது. திங்கள்கிழமை ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கியிருந்த இரண்டு பாட்டிமார் முதலில் ஏறினார்கள். டவுன் கடையில் வேலை பார்ப்பவர்கள் அடுத்து. பள்ளிப் பிள்ளைகள் மட்டும் வண்டி வேண்டாம் என்று உள்ளேயே நின்றார்கள். அவர்களை அவர்களுடைய அம்மாக்கள் காதைப் பிடித்துத் தூக்கினார்கள். சட்டைக்குள் இருந்த மீன், பாவாடையில் சுற்றிய மீன், தொப்பிக்குள் இருந்த மீன் எல்லாம் குட்டைக்குத் திரும்பின. சிக்ஸ்தோவுக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று கையாட்டிச் சொல்லிப் புரிய வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் சட்டைக்குள்ளிருந்து பதினான்கு மீன்கள் எடுத்தார்.

கடைசியில் உள்ளே இருந்தது செஞ்சோ. கால்சட்டையின் நிலைமை காரணமாக அவர் கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

"நான் வர மாட்டேன். நான் அவுட்டும் இல்ல. தண்ணியில கால வெச்சது நானில்ல, என் கொள்ளுத்தாத்தா!"

"அப்ப அவரையும் கூட்டிக்கிட்டு வெளிய வா" என்றார் பெனில்தே.

ஊர் மறுபடி சிரித்தது. இந்த முறை செஞ்சோவைப் பார்த்து. அவர் தொப்பியால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு மதில்மேல் போய் உட்கார்ந்தார். பாதிரியார் உட்கார்ந்த அதே இடம் என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள்.

ஐந்தே முக்காலுக்கு, நானூறு பேர் சொட்டச் சொட்ட நனைந்து கோட்டுக்கு வெளியே நடுங்கிக்கொண்டு நிற்க, பெனில்தே ராக்கெட்டை வாங்கினார். சுருட்டு இல்லை. இருந்த சுருட்டெல்லாம் நனைந்துவிட்டது. அகராதி அம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய பையின் அடியிலிருந்து ஒரு சிகரெட் எடுத்துத் தானே பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கொடுத்தார். "என் பொண்ணுகிட்டச் சொல்லிராதீங்க" என்றார்.

பெனில்தே குச்சியை விரல்களுக்கு நடுவே தளரப் பிடித்து, சிகரெட்டைத் திரியில் வைத்தார். திரி பற்றியது. சீறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் விடாத!" என்று மதிலிலிருந்து ஒரு குரல். செஞ்சோ எழுந்து நின்றிருந்தார், தொப்பியைக்கூட மறந்து. "கை இழுக்கணும்! இன்னும் இல்ல... இன்னும் இல்ல... இப்ப விடு!"

பெனில்தே விட்டார். அது கொஞ்சம் கோணலாகக் கிளம்பி, பாரின் கூரையை உரசுவதுபோலப் போய், பிறகு நிமிர்ந்து மேலே ஏறி வெடித்தது. மலை அதை மூன்று முறை திருப்பிச் சொன்னது. நானூறு பேரும் இரண்டாவது முறையாகக் குதித்தோம். அகராதி அம்மாவும் பையோடு குதித்தார். பெனில்தே மட்டும் வாயைத் திறந்தபடி வானத்தில் இருந்த புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "குதிடி, மீன் போவுது!" என்று செஞ்சோ கத்திய பிறகுதான், சீருடையும் தொப்பியும் பஸ் சாவியுமாகக் குதித்தார்.

மடவைகளுக்கு ஒரு முறையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. எல்லாம் பாறை இடுக்கில் போய் ஒளிந்துகொண்டன. இந்த வருடம் மொத்த ஊருக்கும் கிடைத்தது ஒரே மீன். அது தானாக அகராதி அம்மாவின் பைக்குள் போயிருந்தது. லாஸ் பால்மாஸ் போய்த்தான் பார்த்தாராம்.

இப்போது ஒரு சிக்கல். செஞ்சோ தன் பாரில் வருகிறவர்களிடமெல்லாம், "அன்னைக்கு விழாவ ஆரம்பிச்சு வெச்சது என் காலுதான், ராக்கெட்டு பிறகு சும்மா சத்தத்துக்கு விட்டது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். பாருக்கு ஒரு நாளைக்கு அறுபது பேர் வருகிறார்கள். பெனில்தேயின் பஸ்ஸில் இருப்பது நாற்பத்தொரு இருக்கை. அதிலும் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வருகிறார்கள். இப்படியே போனால் பத்து வருடத்தில் செஞ்சோவின் கதைதான் நிற்கும்.

நான் அப்போது தண்ணீரிலும் இருந்தேன், வெளியேயும் இருந்தேன். நடந்தது நான் எழுதியதுதான். ஆகவே இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். லாஹியாவில் இந்த வருடம் ராக்கெட் விட்டது பெனில்தே ஆர்த்திலேஸ் என்று சொல்லுங்கள். கேட்கிறவர் பஸ்ஸில் இருந்தால் இன்னும் நல்லது, அவரால் எழுந்து போக முடியாது.